மூத்தவன் ஓடியிருந்தால்? தமிழ்ச் சிறார் நூல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் புத்தகம் படிக்கிறேன். ஏழு வருடமாக நடக்கிறது. பத்துப் பதினைந்து பேர் வருவார்கள், மழை நாளில் நாலைந்து பேர். பெரும்பாலும் நான்காம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை. பாதிப் பேர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கிறவர்கள், மீதிப் பேர் ஆங்கிலவழி. உங்களில் பலர் போட்ட புத்தகங்கள் எங்கள் மாடி அலமாரியில் இருக்கின்றன. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பள்ளி நூலகத்திலிருந்து ஓர் ஆங்கில நாவலை எடுத்து வந்திருந்தாள். மூலையில் உட்கார்ந்து அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். என்ன கதை என்று மற்றவர்கள் கேட்டதற்கு, சிண்ட்ரெல்லா கதை என்றாள். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிண்ட்ரெல்லாவெல்லாம் ஒன்றாம் வகுப்போடு முடிந்துவிட்ட சமாச்சாரம். அவள் விடவில்லை. “இது அந்தச் சிண்ட்ரெல்லா இல்ல. இவ பொறந்தப்பவே ஒரு தேவதை வரம் குடுத்துருச்சு, யார் எது சொன்னாலும் கேட்டே ஆகணும்னு. அதனாலதான் சித்தி சொல்ற வேலையெல்லாம் செய்றா. நல்ல பொண்ணுங்கிறதால இல்ல.”

மாடியில் சட்டென்று சத்தம் அடங்கியது. ஏழாவது படிக்கும் அரசுப் பள்ளிப் பையன் ஒருவன் கேட்டான், “உக்காருன்னா உக்காந்துருவாளா?”

“ஆமா.”

“கிணத்துல குதின்னா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “குதிச்சுத்தான் ஆகணும்.”

அந்த நாவலை அவள் நான்கு சனிக்கிழமை சொன்னாள். இரண்டாம் வாரத்திலேயே, வாசிப்புக்கு வராத பிள்ளைகளும் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கதை முடிந்த அன்று அந்த ஏழாம் வகுப்புப் பையன் எல்லாரும் இறங்கிப் போகட்டும் என்று காத்திருந்து என்னிடம் வந்தான். “இந்தப் புக்கு தமிழ்ல இருக்காக்கா?” தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. அதுபோல வேறு ஏதாவது இருக்கிறதா என்றான். அதையும் தேடினேன். அவன் கேட்ட அர்த்தத்தில், தெரிந்த பழைய கதையைத் திருப்பிப் போட்டு, இருநூறு பக்கத்துக்கு உள்ளே இழுத்துக்கொண்டு போகிற ஒரு தமிழ் நாவலை என்னால் அவன் கையில் கொடுக்க முடியவில்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

அவள் சொன்னது கெயில் கார்சன் லெவின் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1997இல் எழுதிய ‘எல்லா என்சான்டட்’. மறு வருடமே, அமெரிக்கச் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி விருதில் சிறப்புத் தகுதி பெற்ற நாவல். அங்கே 8 வயதிலிருந்து 12 வயது வரைக்கும் உள்ளவர்களுக்கான புத்தகங்களை ‘மிடில் கிரேடு’ என்று தனியாகப் பிரித்து, அதற்கென்று எழுதுகிறார்கள், அதற்கென்று எடிட் செய்கிறார்கள், கடையில் அதற்கென்று தனி அடுக்கு வைக்கிறார்கள். அந்த அடுக்கில் பழைய தேவதைக் கதைகளை மறுபடி எழுதும் நாவல்கள் ஒரு பெரிய கிளை. இந்த நாவல்கள் செய்வது ஒன்றுதான். பழைய கதையில் பெரியவர்கள் தாண்டிப் போய்விடுகிற, ஆனால் பத்து வயதுப் பிள்ளை நின்றுவிடுகிற ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சிண்ட்ரெல்லா ஏன் எதிர்த்தே பேசவில்லை? ‘அவள் நல்லவள்’ என்பது பெரியவர்கள் சொல்லும் பதில். அந்தப் பதில் ஒரு பிள்ளைக்குப் போதாது. வீட்டில் தினமும் ‘சொன்ன பேச்சைக் கேள்’ என்று கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்குக் கீழ்ப்படிதல் என்பதே ஒரு சாபமாக இருக்கலாம் என்று சொன்னால், உடம்பெல்லாம் காதாகிவிடுகிறது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்று சொல்கிறேன். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் திரட்டிய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் ‘விசுவாசமான யோஹானஸ்’ என்று ஒரு கதை உண்டு. ராஜாவுக்காக உழைத்துக் கல்லாகிப் போன வேலைக்காரன் மீண்டும் உயிர்பெற வேண்டுமானால், ராஜா தன் இரண்டு பிள்ளைகளின் தலையை வெட்டி அந்த ரத்தத்தைச் சிலைமேல் பூச வேண்டும். ராஜா வெட்டிவிடுகிறார். வேலைக்காரன் எழுந்துவந்து தலைகளைத் திரும்ப ஒட்டிவிடுகிறான். பிள்ளைகள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடி விளையாடுகின்றன. எல்லாரும் சுகமாக இருந்தார்கள் என்று கதை முடிகிறது. ஆடம் கிட்விட்ஸ் 2010இல் எழுதிய ‘எ டேல் டார்க் அண்ட் கிரிம்’ நாவல் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. அந்த இரண்டு பிள்ளைகளையும், இன்னொரு கிரிம் கதையில் காட்டில் விடப்படுகிற அண்ணன் தங்கையான ஹான்சல், கிரெட்டல் என்று ஆக்கிவிடுகிறார் ஆசிரியர். அப்பா நம் தலையை வெட்டினார் என்று தெரிந்த பிறகு, அந்த வீட்டில் எப்படி இருப்பது? இரண்டு பேரும் வீட்டை விட்டு நடந்துவிடுகிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கிரிம் கதைகளுக்குள் நுழைந்து நுழைந்து போகிறார்கள். இதை நானே தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக் காட்டினேன். ரத்தம் நிறைய வருகிற கதை. பயந்துவிடுவார்களோ என்று முதல் வாரம் யோசித்தேன். பிள்ளைகள் ரத்தத்துக்குப் பயப்படவில்லை. அந்த அப்பா கடைசியில் மன்னிப்புக் கேட்பாரா மாட்டாரா என்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே பதற்றம். வாரா வாரம் அதையேதான் கேட்டார்கள்.

இந்த வரிசை நீளமானது. கிரிம் கதையில் சிக்கல் செய்கிற குள்ளனாக வருகிற ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கினை, அம்மா முழுப்பெயர் சொல்லி முடிப்பதற்குள் இறந்துபோனதால் பாதிப் பெயரோடு வளர்கிற பையனாக மாற்றி லீசல் ஷர்ட்லிஃப் 2013இல் ஒரு நாவல் எழுதினார். ஆன் உர்சு 2011இல் எழுதிய நாவலில் ஆண்டர்சனின் ‘பனி ராணி’ இன்றைய மினியாபொலிஸ் நகரத்தில் நடக்கிறது. கண்ணில் கண்ணாடிச் சில்லு விழுந்து மனம் மாறிப்போன தோழனைத் தேடிக் காட்டுக்குள் போகிறவள் ஹேசல் என்ற பெண். அவள் இந்தியாவில் பிறந்து, அமெரிக்கக் குடும்பத்தில் தத்துப்பிள்ளையாக வளர்கிறவள். இதைச் சொன்னதும் எங்கள் மாடியில் ஒரு சிறுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பனியும் ஓநாயும் வருகிற கதைக்குள் தன் நிறத்தில் ஒருத்தி நடந்து போவதை அதற்கு முன்னால் அவள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

சரி, நம் அடுக்குகளுக்கு வருகிறேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிப் போனேன். சிறுவர் புத்தகங்கள் நிறைய இருந்தன, வண்ண வண்ணமாக இருந்தன. ஒரு பாரம், அதாவது பதினாறு பக்கம், மிஞ்சிப் போனால் இரண்டு பாரம். பதினாறு பக்கத்தில் சிண்ட்ரெல்லா, பதினாறு பக்கத்தில் ஸ்னோ ஒயிட், கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ‘நீதி’. அதே கடையில் கையை நீட்டினால் அடுத்த அடுக்கு பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். நடுவில் நிற்கிற பத்து வயதுக்காரன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறான். ஒன்று அவனுக்குச் சின்னதாகப் போன சட்டை, மற்றது அப்பாவின் சட்டை.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சிறார் நாவல் என்ற சொல்லே இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் நம்மிடம் தைரியமாகப் புழங்குகிறது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலுக்கு 2020ஆம் ஆண்டின் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தபோது எங்கள் மாடியில் சாக்லேட் கொடுத்தோம். பேசுகிற மரப்பாச்சி பொம்மை ஒன்று ஒரு சிறுமியின் பயத்தைப் போக்குகிற கதையைப் பிள்ளைகள் கை மாற்றி மாற்றிப் படித்து முதுகு கிழிந்து, நான் இரண்டு தடவை ஒட்டியிருக்கிறேன். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளாக மெல்லிய புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அது எவ்வளவு பெரிய வேலை என்று எங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தால் தெரியும். ஆனால் ‘பற’ வரைக்கும் வந்துவிட்ட பிள்ளை அடுத்த சனிக்கிழமை என்னிடம்தான் வந்து நிற்கிறது, அடுத்து என்ன என்று.

புத்தகக் காட்சியில் ஒரு கடையில் இதைக் கேட்டேன். எந்தக் கடை என்பது வேண்டாம். பொறுமையாகத்தான் பதில் சொன்னார்கள். “சிண்ட்ரெல்லா எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானேம்மா, அதை எதுக்கு இருநூறு பக்கம்?” என்றார்கள். “பெரிய புக்கு பிள்ளைங்க படிக்க மாட்டாங்க. நீதி இல்லன்னா அப்பா அம்மா வாங்க மாட்டாங்க” என்றார்கள். இந்த மூன்று பதிலையும் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன் என்பதால், மூன்றுக்கும் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த கதை என்பது எப்போதிலிருந்து நமக்குக் குறையாகிப் போனது? தெருக்கூத்துப் பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருக்கிறவர்களில் பாஞ்சாலி துகிலுரியப்படுவாள் என்று தெரியாதவர் யார்? தெரிந்துதான் வருகிறார்கள். இந்தத் தடவை துச்சாதனன் எப்படி வருவான், பாஞ்சாலி என்ன கேட்பாள் என்று பார்க்க வருகிறார்கள். வியாசர் எழுதாத அல்லியை மதுரையில் அரசாள வைத்து, அர்ச்சுனனையே அவள் பின்னால் அலையவிட்ட மக்கள் நாம். அல்லி அரசாணி மாலையைப் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சடித்துத் திருவிழாக் கடைகளில் விற்றவர்கள் உங்களுக்கு முன்னால் இந்தத் தொழிலில் இருந்தவர்கள். அம்புலிமாமாவில் வேதாளக் கதை வந்ததே, நினைவிருக்கிறதா? பழைய வேதாளம் சொன்னது இருபத்தைந்து கதைதான். அம்புலிமாமா பல பத்து வருடம் மாதா மாதம் புதுப்புதுக் கதையாக அந்த வேதாளத்தின் வாயில் வைத்தது. விக்கிரமாதித்தன், முருங்கை மரம், தோளில் தொங்கும் உடல் எல்லாம் அப்படியே. உள்ளே கதை மட்டும் புதுசு. முடிகிற இடத்தில் கட்டம் கட்டிய நீதி கிடையாது, வேதாளத்தின் கேள்வி இருக்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்ற மிரட்டலோடு வரும் கேள்வி. என் அண்ணன் அடுத்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு ‘நீ சொல்லு பார்ப்போம்’ என்பான். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு நாம் எப்படி நீதிக்கு வந்து சேர்ந்தோம் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

‘மூலக் கதையைக் கெடுக்கலாமா’ என்று ஒரு தமிழாசிரியை என்னிடம் வருத்தப்பட்டார். நல்ல ஆசிரியை, பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மூலம் என்று ஒன்று இருந்தால்தானே கெடுப்பதற்கு? கண்ணாடிச் செருப்பும் பூசணிக்காய் வண்டியும் 1697இல் பிரான்சில் ஷார்ல் பெரோ எழுதிய சிண்ட்ரெல்லாவில் வருபவை. கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லாவில் தேவதையே கிடையாது. அம்மாவின் சமாதியில் முளைத்த மரமும் அதில் வந்து உட்காரும் பறவைகளும்தான் அவளுக்கு உடுப்பு தருகின்றன. சீனத்தில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்த யே-ஷியன் கதையில் ஒரு மீனின் எலும்புகள் தருகின்றன. பக்கத்தில் கன்னடத்தில் முகத்துக்கு மண் ஓட்டு முகமூடி போட்டுக்கொண்டு வாழும் ஹஞ்சி என்ற சிண்ட்ரெல்லாவைப் பற்றி ஏ.கே. ராமானுஜன் எழுதியிருக்கிறார். மேரியன் காக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1893இலேயே 345 சிண்ட்ரெல்லாக்களைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டுவிட்டார்.

கிரிம் சகோதரர்களே தங்கள் கதைகளை விட்டுவைக்கவில்லை. 1812இல் முதல் பதிப்பு வந்தது, 1857இல் ஏழாவது. இந்த நாற்பத்தைந்து வருடமும் திருத்திக்கொண்டே இருந்தார்கள். முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்கிறவள் அவளைப் பெற்ற அம்மா. 1819இல் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவிட்டு வரச் சொல்கிறவளும் முதலில் பெற்றவள்தான், 1840 பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆனாள். பெற்ற தாய் அப்படிச் செய்வாள் என்று குழந்தைப் புத்தகத்தில் போட அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த மனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் திருத்தத்துக்கு இன்றுவரைக்கும் விலை கொடுக்கிறவர்கள் யார் தெரியுமா? எங்கள் வாசிப்புக்கு வருகிற ஒரு பிள்ளையைச் சித்திதான் வளர்க்கிறார். தினமும் தலை பின்னிவிட்டு, மழை வந்தால் குடையோடு வந்து எங்கள் வாசலில் நிற்கிறார். சித்திக் கொடுமைக் கதை எதை எடுத்தாலும் அந்தப் பிள்ளை தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து போய்விடும். நான்காவது தடவைதான் எனக்கு உறைத்தது. இந்தக் கதைகளை மறுபடி எழுதாமல் அப்படியே பதினாறு பக்கத்துக்குச் சுருக்கிச் சுருக்கிப் போடும்போது, 1840இல் ஜெர்மனியில் இரண்டு பேர் செய்த ஒரு திருத்தத்தைத்தான் நாம் மதுரையில் ஒரு பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது என் மனதுக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். கிரிம் கதைகளை மட்டுமே தமிழில் திருப்பி எழுதச் சொல்லவில்லை. நம்மிடம் இதே மாதிரி கதை இருக்கிறது. ஹான்சல், கிரெட்டல் கதையில் ஏன் பிள்ளைகளைக் காட்டில் விடுகிறார்கள்? நாட்டில் பஞ்சம், வீட்டில் ரொட்டி இல்லை. பஞ்சத்தில் பெற்றவர்களே பிள்ளைகளைக் கைவிடுகிற கதை நமக்கும் உண்டு, நல்லதங்காள். என் அம்மாச்சி வத்திராயிருப்புப் பக்கம். அந்தக் கதை நடந்ததாகச் சொல்லும் அர்ச்சுனாபுரம் அவளுக்கு நடை தூரம். மானாமதுரையில் வாழ்க்கைப்பட்ட நல்லதங்காள் பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருவாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருப்பான். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துவாள், பொத்தல் பானையும் பச்சை விறகும் கொடுப்பாள். இந்த இடத்தில் அம்மாச்சி ராகம் போட்டு அழுவாள். கிணற்றடிக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திவிடுவாள். ஒவ்வொரு பிள்ளையாகக் கிணற்றில் போகும். மூத்தவன் மட்டும் ‘என்னை விட்டுரும்மா’ என்று ஓடப் பார்ப்பான், ஆனால் தப்ப முடியாது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அந்தத் தலை வெட்டுகிற நாவலை முடித்த வாரம் துணிந்து சொன்னேன். கிணற்றடியில் நானும் அம்மாச்சி மாதிரியே குரலைத் தாழ்த்தினேன். கதை முடிந்ததும் யாரும் பேசவில்லை. அந்த ஏழாம் வகுப்புப் பையன்தான், முதலில் ‘கிணத்துல குதின்னா’ என்று கேட்டவன், மெதுவாகக் கேட்டான். “அக்கா, மூத்தவன் ஓடியிருந்தா?”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஐம்பது வருடமாக அந்தக் கதை எனக்குத் தெரியும். அம்மாவின் கண்ணீரைத் தவிர வேறெதையும் அதில் நான் பார்த்ததில்லை. அந்தப் பையன் மூத்தவனைப் பார்த்துவிட்டான்.

மூத்தவன் ஓடியிருந்தால் எங்கே போயிருப்பான்? பஞ்ச காலத்தில் பத்து வயதுப் பையன் ஒற்றையாய் எப்படிப் பிழைப்பான்? மாமா வீட்டுக்கே திரும்பிப் போவானா? அம்மாமேல் அவனுக்கு வருவது கோபமா, ஏக்கமா? ஆறு தம்பி தங்கைகளின் குரல் கிணற்றிலிருந்து அவனைத் தொடர்ந்து வருமா? அப்புறம் மூளி அலங்காரி. அவள் குதிரில் மீதி எத்தனை படி தானியம் இருந்தது? தன் வீட்டு வாய்களுக்கும் எட்டுப் புது வாய்களுக்கும் நடுவில் அவள் என்ன கணக்குப் போட்டாள்? நாத்தனார் கொடுமை, அண்ணி கொடுமை என்று எத்தனை தலைமுறைப் பெண்களின் தலையில் அந்தக் கதை ஏறி உட்கார்ந்திருக்கிறது! தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிகளின் பாட்டிகள் சொன்ன 1876-78 பஞ்சத்தில் இந்த மண்ணில் நிஜமாகவே இப்படிக் கதவுகள் சாத்தப்பட்டிருக்கும். இதற்குள் ஒரு மாயக்காடும், பேசும் பறவையும், கிணற்றுக்கு அடியில் ஓர் ஊரும் வரலாம். ஒரு நல்ல எழுத்தாளர் கையில் இது இருநூறு பக்கத்துக்குப் பஞ்சமில்லாமல் போகும்.

கி. ராஜநாராயணனின் நாட்டுப்புறக் கதைக் களஞ்சியத்தைப் புரட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் இப்படிப் பாதியில் விட்ட கேள்விகள் கிடக்கின்றன. இந்த வேலையை நாம் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள், செய்துகொண்டும் இருக்கிறார்கள். பாண்டவர்கள் இன்றைய அமெரிக்காவில் சிறுமிகளாகப் பிறந்து வருகிற ரோஷனி சோக்‌ஷியின் ‘ஆரு ஷா’ வரிசை 2018இலிருந்து ஆங்கிலத்தில் வந்து, எங்கள் ஆங்கிலவழிப் பிள்ளைகள் அதை ஆவலாகப் படிக்கிறார்கள். நல்ல புத்தகங்கள்தான், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பாஞ்சாலிக்குக் கோயில் கட்டித் தீமிதிக்கிற நாட்டில் தமிழ்வழிப் பையன் ஒருவன் அதை எட்டி நின்று பார்க்க வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பெரிய புத்தகத்தைப் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்பதற்கு நான் வாதாடப் போவதில்லை. ஒரு சனிக்கிழமை வந்து பாருங்கள். நான்கு வாரம் வாய்மொழியாகக் கதை கேட்டு, நடுவில் ஒரு நாள்கூட வராமல் இருக்காத பிள்ளைகள் அவர்கள்.

பணம் உங்கள் பக்கத்துக் கஷ்டம், அதை நான் லேசாகச் சொல்லக் கூடாது. பதினாறு பக்க வண்ணப் புத்தகம் ஐம்பது ரூபாய்க்கு எளிதாகப் போகும், பன்னிரண்டு பதிமூன்று பாரம் வருகிற நாவல் போகாது, அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணை வரும் வரைக்கும் கட்டுக்கட்டாகக் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வண்ணம் வேண்டாம் என்கிறேன். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வண்ணம் தேவையே இல்லை. அத்தியாயத்துக்கு ஒரு கருப்பு வெள்ளைக் கோட்டோவியம் போதும், அதையும் எல்லாவற்றையும் காட்டிவிடாமல் வரையச் சொல்லுங்கள். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். அதுதான் பெரிய எழுத்துப் புத்தகக்காரர்கள் அன்றைக்கே கண்டுபிடித்த வித்தை. தேவைக்கேற்ப அச்சிடுகிற பி.ஓ.டி. முறையில் நூறு, இருநூறு பிரதி போட்டுப் பார்க்கலாம். ஒரு புத்தகத்தை ஏழெட்டுப் பள்ளி நூலகங்களில் வைத்து மூன்று மாதம் கழித்து அதன் முதுகு கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த நம்பகமான விற்பனைக் கணிப்பு அதுதான்.

மொழிபெயர்ப்பும் போடுங்கள். நான் மேலே சொன்ன நாவல்களில் ஒன்றிரண்டாவது தமிழில் வரட்டும், ஆனால் சுருக்க வேண்டாம். முழுசாக வரட்டும். மொழிபெயர்ப்பாளருக்கு ஒழுங்கான பணம் கொடுங்கள். பிள்ளைகள் பேசுகிற இடத்தில் பிள்ளைகள் மாதிரியே பேசவிடுங்கள். ‘அன்னையே, யான் வனத்திற்குச் செல்லட்டுமா’ என்று ஹான்சல் கேட்டால் எங்கள் பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே மூடிவிடுகிறார்கள், பலமுறை பார்த்துவிட்டேன். நம் எழுத்தாளர்களிடம் கேட்கும்போது இருபது பக்கம் கேட்காதீர்கள். ஒரு வருடம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, முன்பணம் கொடுத்து, எடிட்டர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கையெழுத்துப் பிரதியைப் பெரியவர்கள் மட்டும் படித்து முடிவுசெய்யாமல் பிள்ளைகளிடமும் கொடுங்கள். எங்கள் மாடி எப்போதும் திறந்திருக்கிறது. கூலி வேண்டாம், முறுக்கும் வேண்டாம். எந்தப் பக்கத்தில் அவர்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று நான் குறித்துத் தருகிறேன்.

அப்புறம் அந்த நீதிக் கட்டம். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். நீதி சொல்லாத புத்தகத்தை வாங்க மாட்டோம் என்று சொல்கிற பெற்றோரிடம் நான் பேசிக்கொள்கிறேன், வாரம் ஒருவரிடமாவது பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். தலை வெட்டிய அப்பாவைப் பிள்ளைகள் மன்னிக்கலாமா கூடாதா என்று எங்கள் மாடியில் ஒன்றரை மணி நேரம் சண்டை நடந்தது. ஒரு பிள்ளை அழுதுவிட்டது. கீழே அழைத்துப்போக வந்த அம்மாக்கள் படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புத்தகத்தின் கடைசியில் ‘நீதி: பெற்றோரை மன்னிக்க வேண்டும்’ என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அந்தச் சண்டை நடந்திருக்காது.

அந்த ஏழாம் வகுப்புப் பையன் இப்போது எட்டாவது. இரண்டு மாதமாக ஒரு நாற்பது பக்க நோட்டில் மூத்தவன் கதையை அவனே எழுதுகிறான். நாலரைப் பக்கம் ஆகியிருக்கிறது. அம்மாவின் கையிலிருந்து நழுவி ஓடிய மூத்தவன் ஓர் ஆவாரம் புதருக்குள் ஒளிந்திருக்கிறான். கிணற்றுப் பக்கமிருந்து சத்தம் நின்றுவிட்டது. வெளியே வரலாமா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. போன வாரம் நோட்டைக் கொடுத்துவிட்டு, “இதுக்கு மேல எப்படின்னு தெரியலக்கா, இந்த மாதிரி வேற யாராவது எழுதியிருந்தா படிச்சுப் பார்க்கணும்” என்றான். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
சனிக்கிழமை வாசிப்பு வட்டத்துக்காக,
மதுரையிலிருந்து ஒரு வாசகி